வேருக்கு அப்பிய சாணி

அன்பு வாசகர்களே, எல்லாரும் சௌக்கியம்தானே? கத்திரி வெயில் போகிற போக்கில் காற்றும் மழையும் வந்துவிட்டுப் போயிருக்கிறது. இந்த ஈரத்தில் முட்டி வலிக்கும், தொண்டை கட்டும். வெந்நீரே குடியுங்கள். சரி, பிள்ளைப்பாக்கத்தில் கனகம் காத்துக்கொண்டிருக்கிறாள். அங்கே போவோம்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கனகத்தின் புருஷன் கோதண்டராமனுக்கு ஒரு காலத்தில் ஏரிக்குக் கீழே நிலம் இருந்தது. அது தொழிற்பேட்டைக்குப் போயிற்று. இப்போது ஒரகடம் பக்கம் ஒரு குடோன் வாசலில் காவலுக்கு நிற்கிறார். நிலம் போன பிறகு பேச்சும் குறைந்துபோன மனுஷன். வீட்டுக் கொல்லையில் அவர் கையால் வைத்து வளர்த்த ருமானி மாமரம் ஒன்றுதான் அவருக்கென்று மிச்சம்.

போன வருஷம் மகன் கலைமணி, கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விடக் கொல்லையில் நாலு ரூம் கட்டினான். செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டும்போது மாமரத்து வேர்கள் குறுக்கே வந்தன. இப்போது ராத்திரி டூட்டி பார்க்கிற கோதண்டராமனுக்கு அப்போது பகல் டூட்டி. "நைனா வர்றதுக்குள்ள அறுத்துப் போட்டு மண்ணத் தள்ளி மூடிடுடா" என்று சொன்னது யார் தெரியுமா? கனகம்தான். இன்றுவரை அவருக்கு அது தெரியாது.

போன வாரக் கடைசியில் காற்று கிளம்பியது, கரண்டு போயிற்று, கொல்லையில் பெரிதாக ஒரு சத்தம் கேட்டது. அங்கேதான் விட்டோம்.

விடிந்ததும் கனகம் பின்கதவைத் திறந்தாள். வானம் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாக அந்தக் கதவைத் திறந்தால் இலைதான் முகத்துக்கு எதிரே நிற்கும்.

மரம் வீட்டுப் பக்கமாகத் தலை வைத்துப் படுத்திருந்தது. துணி துவைக்கிற கல் அதற்கடியில் எங்கேயோ போய்விட்டது. வைகாசிக் கடைசியில் பழுக்க வேண்டிய காய்கள் சேற்றில் இறைந்து கிடந்தன. ரூம்கள் இருக்கிற பக்கம், மண்ணைப் பிடுங்கிக்கொண்டு வேர்ப்பாகம் ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது.

கனகம் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள்.

மேலே எழும்பி நின்ற மற்ற வேர்களெல்லாம் பிய்ந்து, நார் நாராகத் தொங்கின. டேங்க் பக்கத்து வேர்களின் நுனி மட்டும் கரும்புத் துண்டு மாதிரி நேராக இருந்தது. ரம்பம் போன தடம் அப்படியே தெரிந்தது. அறுபட்ட இடத்தைச் சுற்றி மரம் நூல் நூலாகப் புது வேர் விட்டுப் பார்த்திருந்தது, பாவம். அதெல்லாம் அந்தக் காற்றுக்கு எந்த மூலைக்கு?

கலைமணி ஷூவை மாட்டிக்கொண்டு, கழுத்தில் ஐடி கார்டோடு வந்து நின்றான். அவனுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்.

"யம்மா, இன்னா இப்பிடிப் பளிச்சுனு தெரியுது?"

"காத்துல வியுந்துச்சு. அவ்ளோதான்."

"காத்து ரம்பம் எத்துக்கினு வந்துச்சான்னு கேப்பாரு நைனா."

"நீ வாய மூடிக்கினு கெளம்பு. பஸ்ஸு போயிடப் போவுது."

"அவரு வர்ற நேரம்மா இது."

"அதுக்குத்தான் சொல்றேன், கெளம்பு."

மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. கலைமணி ஓடினான். தப்பித்தோம் என்று ஓடுகிற ஓட்டம் அது, பெற்றவளுக்குத் தெரியாதா?

கனகம் முதலில் சேற்றை அள்ளி அந்த நுனிகளில் பூசிப் பார்த்தாள். ஈரத்தில் வழிந்து இறங்கிவிட்டது. வேறு என்ன செய்வது என்று நின்றவளுக்குச் சட்டென்று தோன்றியது. வாளியை எடுத்துக்கொண்டு பாஞ்சாலி வீட்டுக்கு நடந்தாள்.

பாஞ்சாலி அவளுக்கு ஓரகத்தி முறை. அந்தத் தெருவில் இன்னும் மாடு கட்டி வைத்திருக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"இன்னாக்கா, மரம் வியுந்துச்சாமே. இந்த நேரத்துல சாணிக்கு வந்துகீற?"

"வாசத் தெளிக்கணும்."

"அதுக்கு ஒரு கை போதுமே. வாளி எத்துக்கினு வந்துகீற, வூட்டையே மெயுவுவ போல."

"குடு பாஞ்சாலி, நேரமாவுது."

"எத்துக்கோ. நான் அப்பால வரேன், ஊறுகாக்கு மாங்கா வேணும். மண்ணுல கெடந்து வீணாதான போவப்போவுது."

கனகம் திரும்பி வந்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, அறுபட்ட ஒவ்வொரு நுனியிலும் சாணியை உருட்டி வைத்து அழுத்தி அப்பினாள். ரம்பத் தடம் மறைந்தது. கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

கோதண்டராமனுக்கு வேனில் வரும்போதே யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குள் நிற்காமல் யூனிஃபார்மோடு நேரே கொல்லைக்கு வந்தார்.

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். அழுதாலும் அழுவார் என்று பயந்தாள். அவர் தொப்பியைக் கழற்றி, கிடந்த மரத்தின் ஒரு கிளை நுனியில் மாட்டினார். பிறகு அடிமரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம்.

"காபி குடிக்கிறியா?"

அவர் மரத்தைத் தொட்டுக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். வேர்ப்பக்கம் போனார்.

"கனகா."

"இன்னா."

"இது இன்னா இது?"

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வேரு காஞ்சிடக் கூடாதுன்னு சாணி அப்பிகீறியா?"

கேட்டவரே பதிலையும் கையில் கொடுத்துவிட்டார். என்ன செய்வாள்? வாங்கிக்கொண்டாள்.

"ஆமா" என்றாள்.

கோதண்டராமன் அந்தச் சாணி உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொடவில்லை. ஈரம் போய்விடும் என்று நினைத்திருப்பார்.

"முருங்கக் கொம்பு நட்டா நுனியில சாணி வெப்பேன். அத்தப் பாத்து வெச்சுக்கினியா? நீ அதெல்லாம் கவனிச்சேன்னே எனக்குத் தெரியாதுமே."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைப் பார்த்து இந்தக் குரலில் பேசியதில்லை. கனகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளும் மரத்துக்காக அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"அழுவாத. ஒரு பக்கம் வேரு மண்ணுலதான் கீது. கொப்ப எல்லாம் கயிச்சுட்டு நிமித்தி நிறுத்தினா பொழச்சுக்கும். புயல் வந்தப்ப மணிமங்கலத்துல ஒருத்தன் நிறுத்தினான், நானே பாத்தேன்."

"நிக்குமா?"

"நீயே நம்பிகீற. நான் நம்பலன்னா எப்பிடி?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கனகமும் அந்த மரம் நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தாள், மனசார நினைத்தாள். நின்றுவிட்டால் வேர் மறுபடி மண்ணுக்குள் போய்விடும். அறுத்தது அறுத்தபடி அங்கேயே இருக்கும், அவர் கண்ணுக்கு என்றைக்கும் வராது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே காரியத்துக்காக அன்றைக்குப் பாடுபட்டார்கள். காரணம்தான் வேறு வேறு.

ரெண்டாவது ரூமில் குடியிருக்கிற சுடலைக்கண்ணு திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ரோடு வேலையில் ஜேசிபி ஓட்டுகிறான். கோதண்டராமன் தானாகப் போய் அவன் கதவைத் தட்டினார். குடிவந்த நாளாக வீட்டுக்காரர் தன்னிடம் பேசிப் பார்த்திராத பையன், பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு பதறிக்கொண்டு வந்தான்.

"என்ன அண்ணாச்சி, தண்ணி மோட்டார நான் போடலயே."

"அத்த வுடுப்பா. மரத்த நிமித்தணும். உன் வண்டி வருமா?"

அவன் மரத்தைச் சுற்றிப் பார்த்தான். "கெளையெல்லாம் கழிச்சு வைங்க அண்ணாச்சி. சைட்டுல வேல முடியவும் வண்டிய இங்கன கொண்டாந்திருதேன். பெல்ட்டு போட்டுத் தூக்கிப் பாப்போம்."

அப்புறம் கோதண்டராமன் உட்காரவே இல்லை. இரவெல்லாம் கண்விழித்த மனுஷன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளைகளை அறுத்தார். கனகம் இழுத்துப் போட்டாள். தெருப் பெண்கள் கூடையும் கோணியுமாக வந்து காய் பொறுக்கினார்கள். வழக்கமாக ஒரு காயைத் தொட்டால் முறைக்கிறவர், "அடிபடாத காயாப் பாத்து எத்துக்கோங்க, ஊறுகாய்க்குத்தான் ஆவும்" என்று தானே எடுத்துக் கொடுத்தார்.

கிளை அறுத்த இடத்திலெல்லாம் சாணி வைக்க வேண்டும் என்றார். கோணியோடு நின்ற பாஞ்சாலியைக் கூப்பிட்டார்.

"பாஞ்சாலி, இன்னும் ஒரு வாளி சாணி குடேன்."

"காத்தாலதான் அக்கா ஒரு வாளி வாசத் தெளிக்கன்னு எத்துக்கினு வந்துச்சு, மாமா. வாசலுல ஒரு பொட்டக்கூடக் காணோம்."

கனகத்தின் கையிலிருந்த கிளை அப்படியே நின்றது.

"வாசத் தெளிக்கவா?" என்று கேட்டுவிட்டுக் கோதண்டராமன் சிரித்தார். "இவ இப்பிடித்தான். மரத்துக்குன்னு சொன்னா நீங்கள்லாம் கேலி பண்ணுவீங்கன்னு மறச்சுகீறா."

"அடி அக்கா, உனக்கு இவ்ளோ வெக்கமா?" என்று பாஞ்சாலி தோளில் இடித்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் சாப்பிடும்போதும் அவர் பேச்சு நிற்கவில்லை. "அடுத்த வருசம் காய்க்காது. கெடக்கட்டும். அதுக்கு அடுத்த வருசம் ஒரு கொப்புல பூ பூத்தாகூடப் போதும் எனக்கு" என்றார். "வேர்ப்பக்கம் மட்டும் நீ தெனமும் தண்ணி ஊத்து. உன் கை ராசி" என்றார். கனகம் ரசத்தை ஊற்றினாள். அவர் போதும் என்று கையைக் காட்டியும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

கலைமணி ஷிஃப்ட் முடிந்து வந்தபோது ஜேசிபி கொல்லை வேலியைப் பிரித்து உள்ளே வந்துகொண்டிருந்தது. அவன் பையைக்கூட வைக்கவில்லை.

"நைனா, மிஷினு ஏறினா டேங்கு மூடி ஒடஞ்சிடும். நாலு ரூம்ல ஆள் கீறாங்க, அவங்க எங்க போவாங்க?"

"ஒடஞ்சா நான் போட்டுத் தரேன் மூடி. தள்ளுடா."

கனகம் மகனைச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"குறுக்க பேசாத. நின்னுடுச்சுன்னா எல்லாம் மண்ணுக்குள்ள பூடும்."

"எப்பிடிம்மா நிக்கும்? அந்தப் பக்கம் இன்னாத்த வெச்சிக்கினு நிக்கும்?"

"நிக்கும்."

"நாமதானம்மா அறுத்தோம். உனக்குத் தெரியாதா?"

அவள் அவன் கையை விட்டுவிட்டாள்.

பெல்ட்டை அடிமரத்தில் சுற்றி மாட்டினார்கள். சுடலைக்கண்ணு நிதானமாகத் தூக்கினான். மரம் முனகிக்கொண்டு எழுந்தது. பிடுங்கின மண் பொலபொலவென்று கொட்டியது. கிளையெல்லாம் போய் மொட்டையாக, நுனியெல்லாம் சாணியோடு, அது நிமிர்ந்து தன் குழிக்குள் இறங்கி நின்றது.

கோதண்டராமன் மண்ணைத் தள்ளித் தள்ளி மிதித்தார். கலைமணிகூட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அறுபட்ட வேர்கள் மண்ணுக்குள் மறைகிறதைக் கனகம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிழைத்தோம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்த உடனே வெட்கமாகவும் இருந்தது.

"பெல்ட்ட லூஸ் பண்ணுப்பா."

பெல்ட் தளர்ந்தது. மரம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, உட்கார இடம் தேடுகிற களைத்த ஆளைப் போல, மெதுவாக வீட்டுப் பக்கம் சாய்ந்து இறங்கியது.

மறுபடி தூக்கினார்கள். இந்தத் தடவை சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். அதிலும் கொஞ்சம்தான் நின்றது. ஒரு கட்டை முறிந்தது, மரம் முன்னைவிட வேகமாக விழுந்தது. விழுந்த வேகத்தில், வீட்டுப் பக்கம் மண்ணில் பிடித்துக்கொண்டிருந்த வேர்களும் படபடவென்று அறுந்தன.

சுடலைக்கண்ணு இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான். "இந்தப் பக்கம் பிடிமானமே இல்லயே அண்ணாச்சி. ஒரு பக்கம் பூரா வேரக் காணோம்."

"கீதுப்பா. நான் பாத்தேனே. நுனியில சாணிகூட வெச்சுகீறா."

சொல்லிக்கொண்டே கோதண்டராமன் குழிக்குள் இறங்கினார். குனிந்து ஒரு வேரைப் பிடித்தார். கை வழுக்கியது. சாணி பாதி பெயர்ந்து கையோடு வந்தது. மீதியைக் கட்டைவிரலால் வழித்தார். நிமிர்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "தண்ணி" என்றார்.

கனகம் நகரவில்லை. கலைமணி ஒரு குடம் கொண்டுவந்து கொடுத்தான்.

அவர் ஒவ்வொரு வேராகத் தண்ணீர் விட்டுக் கழுவினார். குழந்தைக்குக் கால் கழுவுகிற மாதிரி பொறுமையாக. ஒன்றைக் கழுவி, அதன் தட்டையான முகத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். அடுத்ததற்குப் போவார். கடைசியில் நிமிர்ந்து, ஒரு எட்டில் இருந்த செப்டிக் டேங்க் மூடியைப் பார்த்தார்.

"நைனா, அது வந்து, அப்ப மேஸ்திரிதான்..."

கோதண்டராமன் கையைக் காட்டினார். கலைமணி நிறுத்திவிட்டான். அவர் மகனைப் பார்க்கவே இல்லை. கனகத்தைத்தான் பார்த்தார்.

"சாணி எப்ப வாங்கினு வந்த?"

"காத்தால."

"நான் வர்றதுக்கு முன்னயா?"

கனகம் தலையை ஆட்டினாள்.

"முன்னதான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். குழியிலிருந்து ஏறினார். கலைமணி கை கொடுத்தான், பிடிக்கவில்லை. "போதும் சுடலை, வண்டிய எத்துக்கினு போ. உனக்கு வீண் செரமம்" என்று பையனிடம் மட்டும் தணிவாகச் சொன்னார்.

குளித்தார். யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டார். டூட்டிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. சாப்பாட்டுக் கூடையைக் கனகம் வாசல்வரை கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னாங்க, நான் சொல்றத..."

"உம் புள்ளைய அந்த எடத்துலயும் ரெண்டு ரூம் கட்டிக்கச் சொல்லு."

கோபமாகச் சொல்லியிருந்தால் கனகம் பதில் சொல்லியிருப்பாள். கடைக்குப் போகிறேன் என்கிற மாதிரிதான் சொன்னார். தெருமுனைவரை நடந்தார். வேன் நிற்கிற பக்கம் வலது கைப்பக்கம். அவர் இடது பக்கம் திரும்பியதை அவள் பார்த்தாள். கூப்பிட வாயெடுத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவாள்?

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் அடித்தது. குடோன் சூப்பர்வைசர்.

"யம்மா, அண்ணன் போனு சுவிட்ச் ஆஃப்னு வருது. வேன்லயும் ஏறல. கேட்டுல ஆள் இல்ல. இன்னா, லீவா?"

கலைமணி எதிரே நின்று, என்ன என்று சைகையில் கேட்டான். பைக் சாவி அவன் கையில் தயாராக இருந்தது. உள்ளே அவருடைய பாய் சுருட்டினபடி சுவரோரம் நின்றது.

கனகம் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவருக்கு ஜுரம்ப்பா. மாத்தர போட்டுக்கினு தூங்கறாரு. எயுந்ததும் பேசச் சொல்றேன்" என்றாள்.

போனை வைத்தபோதுதான், மறுபடியும் தன் கை எதையோ அப்பி மறைத்துவிட்டது என்று அவளுக்கு உறைத்தது. கலைமணியின் பைக் அதற்குள் தெருவைத் தாண்டிவிட்டது. அவர் எந்தப் பக்கம் போனார் என்பதை அவனிடம் அவள் சொல்லவே இல்லை.

உங்கள் வீட்டிலும் என்றைக்காவது ஒரு மரம் விழுந்திருக்கும். அன்றைக்கு யார் யாரோடு பேசாமல் போனார்கள், அந்தப் பேச்சு திரும்ப வந்ததா இல்லையா என்று எனக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள்.